சிப்பிக்கரையின் ஒன்ஸ் மோர்

சிப்பிக்கரையில் ஒரு பாட்டு முடிந்தது என்றால் முடிந்துவிட்டது என்று பொருளில்லை, ஊர் இன்னும் வாயைத் திறக்கவில்லை என்றுதான் பொருள். அந்த ஊர்க்காரர்கள் தாய்ப்பாலோடு சேர்த்து 'ஒன்ஸ் மோர்' குடித்து வளர்ந்தவர்கள். கோயில் திருவிழாவில் புனித அருளப்பர் நாடகம் போடும்போது தலைவெட்டும் காட்சி நன்றாக அமைந்துவிட்டால் ஒன்ஸ் மோர் கேட்பார்கள். வெட்டுப்பட்ட அருளப்பர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, மறுபடியும் மண்டிபோட்டுக் கழுத்தை நீட்டுவார். வெட்டுகிறவன் கை சோர்ந்து போதும் சாமி என்று கும்பிடும்வரை விடமாட்டார்கள். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டியதற்கே ஒன்ஸ் மோர் கேட்டு, பங்குச் சாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், துறைமுகத்துக்குப் பின்னால் உப்பு அம்பாரம் குவிக்கிற மைதானத்தில், மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ராக் பேண்டுகளை வரவழைத்துத் திருவிழா நடத்தினால் என்ன ஆகும் என்று யாராவது முன்னாலேயே யோசித்திருக்கலாம். யாரும் யோசிக்கவில்லை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற கஸ்பார் பர்னாந்து அந்தத் திருவிழாவை ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. வெயில் தாழும் முன்பே தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மேடைக்கு நேர் எதிரே போட்டுவிடுவார். அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு ராக் என்பது பாத்திரக் கடைக்குள் மாடு புகுந்த சத்தம். ஆனாலும் அவளும் கூடவே போவாள். ஒரு கையில் டீ பிளாஸ்க், இடுப்பில் அவருடைய மாத்திரை டப்பா, இரண்டு காதிலும் பஞ்சு. மேடையில் ஆடுகிறவர்களை அவள் பார்ப்பதில்லை. பாட்டுக் கேட்கும்போது இந்த மனுஷனின் முகம் இருபது வயதுக்குப் போய்வருகிறதே, அதைப் பார்ப்பதற்கென்றே வருஷத்துக்கு ஒரு நாள் பஞ்சு வாங்கினாள். இதை அவள் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைகால் புரியாது அவருக்கு.

அந்த வருஷம் நிகழ்ச்சி நிரலில் அவர்கள் மகள் டெல்பினின் 'நங்கூரம்' பேண்டும் இருந்தது. டெல்பின் சென்னையில் இருந்தாள், பேஸ் கிட்டார் வாசித்தாள். நாலே நாலு தடித்த கம்பி, அடிவயிற்றில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். "மத்த கிட்டாரெல்லாம் வள்ளம். இதுதான் அது கெடக்கிற தண்ணி" என்று கஸ்பார் பார்க்கிறவர்களுக்கெல்லாம் விளக்குவார். ஆனால் மகள் வாசிப்பதை அவர் கேட்டதெல்லாம் படுக்கையறைச் சுவர் வழியாகத்தான். மேடையில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரு தடவை அவருக்கு டூட்டி, இன்னொரு தடவை நெஞ்சில் குழாய் வைத்துப் படுத்திருந்தார். இந்தத் தடவை ஊரிலேயே, சொந்த நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்று காலையிலிருந்து இரண்டு முறை சவரம் செய்துகொண்டார்.

நாகர்கோவில் பையன்களின் 'துரு' பேண்டு முடிந்ததும் நங்கூரம் மேடையேற வேண்டும். துரு கடைசிப் பாட்டைத் தொடங்கும்போது டெல்பினும் அவள் கூட்டாளிகளும் வந்த வேன் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. மேற்கே உப்பு அம்பாரத்தின் உச்சியில் சூரியன் உட்கார்ந்திருந்தது. பூநாரைகள் ஒரு வரிசையாக உப்புப் பாத்திகளின் மேலே பறந்து போயின. கஸ்பார் டீயை உறிஞ்சிவிட்டு, "சீனியே போடலியா நீ?" என்று கேட்டார். பாட்டு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கிட்டார்க்காரன் கம்பியை அறைந்துவிட்டுக் கையை வானத்துக்குத் தூக்கிய அந்தக் கடைசி இழுப்பில், கஸ்பாரின் தாடை மெதுவாக நெஞ்சில் இறங்கியது. இந்த இரைச்சலில் இவருக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று ஜெசிந்தா திரும்பினாள். கப் சரிந்து சூடான டீ அவள் சேலையில் கொட்டியும் அவர் அசையாததைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் ஊர் வாய் திறந்துவிட்டது.

"ஒன்ஸ் மோர்!"

எத்தனையோ வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழுத்த தொண்டைகள் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டுவிட்டன போலும். சேலையில் கொட்டிய டீ எழுந்து கப்புக்குள் போய் உட்கார்ந்தது. அம்பாரத்துக்குப் பின்னால் பாதி இறங்கியிருந்த சூரியன் மேலே வந்து பழைய இடத்தில் அமர்ந்தது. தின்று முடித்த பஜ்ஜிகள் கடைக்கார ரோசம்மாவின் எண்ணெய்ச் சட்டிக்குத் திரும்பின, பூநாரைகள் வந்த வழியே பின்வாங்கி மறுபடி வரிசை கட்டின. துரு பையன்கள் பாட்டின் முதல் அடியில் நின்றார்கள். கஸ்பார் டீயை உறிஞ்சிவிட்டு, "சீனியே போடலியா நீ?" என்றார்.

பேசிய சொல்லும் பட்ட காயமும் எல்லோருக்கும் நினைவிருந்தது. ஆனால் எதுவும் நடந்திருக்கவில்லை. சிப்பிக்கரைக்காரர்கள் இதற்கு மலைத்துப்போய் நிற்கவில்லை. பாட்டைக் கேட்டோம், பொழுதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள், நல்லதுதானே என்று எடுத்துக்கொண்டார்கள். ரோசம்மாதான் முணுமுணுத்தாள்: "தின்ன வாய்க்கெல்லாம் மறுபடியும் பசிக்கும், நாந்தான திரும்பவும் வேவணும்."

மறுபடியும் கடைசி இழுப்பு வந்தது, மறுபடியும் தாடை இறங்கியது. இந்த முறை ஜெசிந்தா போட்ட சத்தத்தில் முன்வரிசை முழுக்கத் திரும்பிவிட்டது. பின்வரிசைகளுக்கு ஒன்றும் தெரியாது. அவர்கள் பழக்கத்தில் ஒன்ஸ் மோர் கேட்டார்கள். அதற்கடுத்த முறை பாட்டுத் தொடங்கியபோது மைதானம் முழுவதற்கும் விஷயம் தெரிந்திருந்தது. கூட்டத்திலிருந்த டாக்டர் அமலதாஸ் ஓடிவந்து நாடியைப் பார்த்தார், நாக்கின் அடியில் மாத்திரை வைத்தார், தரையில் கிடத்தி நெஞ்சை அமுக்கினார். அடுத்த முறை அதற்கும் முன்னாலேயே அமுக்கினார், அதற்கடுத்த முறை ஆம்புலன்சைக் கூப்பிட்டார். என்ன செய்தாலும் கடைசி இழுப்பு வந்ததும் மூச்சு நின்றது. "இது என் கையில இல்லக்கா" என்று அவர் ஜெசிந்தாவிடம் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது.

கஸ்பாருக்கு விஷயத்தை யார் சொல்வது என்று ஊர் கையைப் பிசைந்தது. அவரே சொன்னார்.

"கடைசியில ஒரு இருட்டு வருது, பெறவு டீ வருது. எனக்குத் தெரியாமலா இருக்கும்?" மடியில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "போறதுக்குப் பயம் ஒண்ணும் இல்ல. பிள்ள வாசிக்கத மட்டும் பாத்துட்டாப் போதும். பாட்டு முடியதுக்குள்ள அவ வந்துருவாளா?"

ஜெசிந்தா போனை எடுத்தாள். கேட் வரைக்கும் ஸ்பீக்கர் சத்தம் எட்டியது. சத்தம் எட்டிய இடமெல்லாம் பொழுதும் திரும்பியது.

"எம்மா, இந்த கூட்ஸ் முடியவே மாட்டேங்குதும்மா. போன பெட்டியெல்லாம் திரும்பத் திரும்பப் போகுது."

"ஏட்டி, வேனை விட்டு எறங்கு" என்றாள் ஜெசிந்தா. விஷயத்தை அவள் சொன்ன விதத்தை டெல்பின் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு சிப்பிக்கரைக்கு ஒரே வேலைதான். மேடையில் பாட்டு முடியும், கஸ்பார் சாய்வார், முன்வரிசை கையைக் காட்டும், ஊர் ஒன்ஸ் மோர் கேட்கும், சூரியன் எழும்பும், ரயில்வே கேட்டில் ஒரு பெண் ஓட ஆரம்பிப்பாள். முதலில் கூட்ஸ் போய் முடியும்வரை காத்திருந்து ஓடினாள். உப்புப் பாத்தி வரப்புகளில் கால்வாசித் தூரம் வருவதற்குள் கம்பியை அறைகிற சத்தம் கேட்டுவிட்டது. உப்பளத்தில் வேலைசெய்கிற சண்முகக்கனி இதைப் பார்த்துப் பொறுக்காமல் மைக்கைப் பிடுங்கினாள். "ஏ பிள்ள! தண்டவாளத்துக்கு அடியில ஒரு மடை போகுதுல்லா, அதுல எறங்கி வா! முழங்கால் அளவுதான் தண்ணி!" ஸ்பீக்கர் சத்தம் ரயில்வே கேட் வரை போனது. அடுத்த முறை டெல்பின் செருப்பைக் கழற்றிவிட்டு மடையில் இறங்கி, ரயிலுக்கு அடியில் நுழைந்து, அந்தப் பக்கம் ஏறினாள். பாதித் தூரம் வந்தாள். மீன் விற்கிற சலேத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது, தன் மொபெட் அம்பாரத்தின் மறுபக்கம் நிற்கிறதென்று. பாட்டுத் தொடங்கிய நொடியே அவன் ஐஸ்பெட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு வண்டியை வரப்பு முடிகிற இடத்துக்கு ஓட்டினான். ஒரு முறை வண்டி கிளம்பவில்லை, ஒரு முறை சறுக்கிப் பாத்திக்குள் விழுந்தார்கள். உப்புத் தண்ணீரில் எழுந்து உட்கார்ந்த இருவரும், அதற்குள் பொழுது திரும்பிவிட்டதால், காய்ந்த உடையோடு ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

எவ்வளவு காலம் அப்படிப் போனது என்று கேட்டால் சிப்பிக்கரையில் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஏனென்றால் பொழுது போகவே இல்லை. அந்த மஞ்சள் வெயிலிலேயே ஊர் குடியிருந்தது. பேசாமல் இருந்த அண்ணன் தம்பி, எத்தனை நேரந்தான் பக்கத்தில் நின்றுகொண்டு முகத்தைத் திருப்புவது என்று பேசிவிட்டார்கள். ஒருவன் ஒருத்தியிடம் தன் மனதைச் சொன்னான்; அவள் முடியாது என்றாள்; அடுத்த முறை யோசிக்கிறேன் என்றாள்; அதற்கடுத்த முறை அவளே அவனைத் தேடி வந்தாள். தொட்டில் பிள்ளைகள் ஒரே தும்மலைத் தும்மித் தும்மி அதில் தேர்ந்தன. துரு பையன்கள் முதலில் அலுத்தார்கள், பிறகு பயந்தார்கள், பிறகு அந்த ஒரு பாட்டுக்குள் இவ்வளவு இடம் இருக்கிறதா என்று அதற்குள்ளேயே நடந்து பார்க்க ஆரம்பித்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவன் வாழ்நாளில் வாசிக்காததையெல்லாம் வாசித்தான். பாட்டை இழுத்து வாசித்தால் பொழுது நீளுமே என்று திருவிழாக் கமிட்டிக்காரர்கள் கேட்டுக்கொண்டதற்காக ஒரு முறை ஜவ்வாக இழுத்தார்கள். பொழுது நீளவில்லை, பாட்டுதான் நொண்டியது. கஸ்பாருக்கே பொறுக்கவில்லை. "சாவப்போறவன் முன்னால இப்படியா வாசிப்பிய?" என்று அவர் போட்ட சத்தத்தில் மேடை திடுக்கிட்டு, பழைய வேகத்துக்கு வந்தது.

ஒவ்வொரு பாட்டிலும் ஜெசிந்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் பேசியதெல்லாம் சின்னச் சின்னப் பேச்சு: கொல்லை முருங்கை, டெல்பின் பிறந்தபோது பெய்த மழை, மாடிக்குழாயின் சொட்டு. ஒரு முறை அவர், "நீ பஞ்சை எடுத்துட்டுக் கேளேன்" என்றார். அவள், "ஒங்க சத்தம் கேட்டாப் போதும்" என்றாள். ஊர் முழுக்க டெல்பின் சீக்கிரம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா மட்டும் அந்தக் கூட்ஸ் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பெட்டி இருக்கட்டும் மாதாவே என்று வேண்டினாள். மகள் வந்து சேர்ந்துவிட்டால் ஊருக்குக் கத்துவதற்குக் காரணம் தீர்ந்துவிடும். சலேத்து வண்டியோடு பாத்தியில் விழுந்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பெற்ற மகள் விழுந்ததற்கு நிம்மதிப்படுகிறாயே, நீயெல்லாம் ஒரு தாயா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, அடுத்த பாட்டிலும் அதையே வேண்டினாள்.

வேண்டுதல் பலிக்கவில்லை. டெல்பினின் கால்களுக்கு வரப்பு பழகிவிட்டது, சலேத்துவுக்கு வண்டி பழகிவிட்டது, கூட்டத்துக்கு விலகுவது பழகிவிட்டது. தேர் வரும்போது விடுவதைப்போல் நடுவில் ஒரு வழி விட்டு நின்றார்கள். ஒரு முறை அவள் நாற்காலி வரை வந்துவிட்டாள். முழங்கால்வரை சேறும் உப்புமாக, மூச்சு வாங்க, அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கஸ்பார் அவள் தலையைத் தடவினார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க எதுக்குட்டி வந்த? கட்டிப்பிடிக்கதுக்கா இவ்வளவு பேரும் தொண்டத்தண்ணி வத்தக் கத்துதாவ? மேடைக்குப் போ."

"எங்க செட்டு இன்னும் வரலப்பா. கேட்டுல கெடக்கு."

"அந்தப் பையன்ட்ட ஒண்ணு இருக்கில்லா!"

துருவின் பேஸ் வாசிக்கிற பையன் ரீகன் இதை மேடையிலிருந்தே கேட்டுவிட்டான். தலையை ஆட்டினான். கடைசி இழுப்பு வந்தது. ஊர் கத்தியது.

அந்த முறை எல்லாம் கூடிவந்தது. மடையில் தண்ணீர் தெளிந்து கிடந்தது, மொபெட் முதல் மிதியிலேயே கிளம்பியது, வரப்பில் ஒரு கால்கூடத் தப்பவில்லை, கூட்டம் பிளந்தது. பாட்டில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே டெல்பின் மேடையில் நின்றாள். ரீகன் ஒரு தாளத்தையும் விடாமல் வாசித்தபடியே வாரைக் கழற்றி, கிட்டாரை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு விலகினான். எத்தனையோ முறை ஓடிவரும்போதெல்லாம் காதில் விழுந்த பாட்டு, விரல் அதற்கு வழி கேட்கவில்லை.

மைதானத்தின் அடியில் தண்ணீர் வந்தமாதிரி இருந்தது. நாற்காலிக் கால்கள் அதிர்ந்தன, டீயில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. ஜெசிந்தா தன்னையறியாமல் காதிலிருந்த பஞ்சை எடுத்தாள். சத்தம் அவளை அடித்துத் தள்ளும் என்று நினைத்திருந்தாள். அது அவளைத் தூக்கி வைத்துக்கொண்டது. இவ்வளவு காலம் இந்த மனுஷன் இதற்குள்ளேதான் உட்கார்ந்திருந்தாரா, வாசலிலேயே நின்றுவிட்டேனே என்று அவள் பஞ்சைத் தூர எறிந்தாள்.

கஸ்பார் இமைக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ஜெசிந்தா குனிந்தாள்.

"பிள்ள தாளத்துல கொஞ்சம் முந்துதா" என்றார். "ஓடிவந்த வேகம். சரியாயிரும்." பிறகு, "சுவத்துக்கு அந்தப் பக்கம் இப்படித்தான் இருந்திருக்கு பாரு" என்றார். அவர் முகம் இருபது வயதில் இருந்தது.

கிட்டார்க்காரன் கம்பியை அறைந்து கையைத் தூக்கினான். ஜெசிந்தாவின் கைக்குள் இருந்த கை கனத்தது.

சிப்பிக்கரை சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு பாட்டு முடிந்தும் ஊர் வாய் திறக்கவில்லை. எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் தலையை அசைத்தால் போதும், தொண்டை கிழியும்வரை கத்தத் தயாராக இருந்தார்கள். அவளுக்கும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. இன்னொரு பாட்டு, இன்னொரு டீ, முருங்கையைப் பற்றி இன்னொரு பேச்சு. சூரியன் அம்பாரத்துக்குப் பின்னால் பாதி இறங்கி, என்ன சொல்கிறாய் என்பதுபோல் நின்றது.

அவள் மேடையைப் பார்த்தாள். இரவல் கிட்டாரோடு, ஈரக் காலோடு, டெல்பின் நின்றுகொண்டிருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் அவளுடைய நங்கூரம் கூட்டாளிகள் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களும் மடையில் இறங்கி, டிரம்மைத் தலையிலும் டெல்பினின் கிட்டாரைத் தோளிலும் சுமந்து, கூட்டம் விட்ட வழியில் ஓடிவந்திருந்தார்கள். இப்போது ஒன்ஸ் மோர் கேட்டால் அந்த டிரம் கேட்டுக்குத் திரும்பும். இந்தப் பிள்ளை மறுபடியும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கும். ஓடும். வந்து, அடுத்தவர் கிட்டாரில் அடுத்தவர் பாட்டை வாசிக்கும். மறுபடியும் ஓடும். அப்பாவுக்கு அவள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பாள், அவளுக்கென்று ஒரு பாட்டு வரவே வராது. ஊர் சலிக்காது, மகளும் சலிக்கமாட்டாள், அது ஜெசிந்தாவுக்கு நன்றாகவே தெரியும். யாராவது நிறுத்தவேண்டும் என்றால் அது தானாகத்தான் இருக்கமுடியும் என்பதும் தெரிந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, இதை என் தலையில் கட்டிவிட்டுப் போகிறாயே என்று.

அவள் எழுந்து நின்றாள். அவர் கையை விடவில்லை. வாழ்நாளில் ஒரு மேடையை நோக்கியும் குரல் கொடுத்திராதவள் முழுத் தொண்டையில் கத்தினாள்.

"அடுத்த பாட்டு!"

டெல்பின் அம்மாவைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். அவள் வாய் கோணியது. பிறகு நங்கூரம் பெண்கள் ஒவ்வொருவராக மேடையேறி, டிரம்மைத் துடைத்து, ஒயர்களைச் செருகினார்கள். டெல்பின் இரவல் கிட்டாரை ரீகனிடம் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை மாட்டிக்கொண்டாள். கூட்டம் அசையாமல் நின்றது. சூரியன் அம்பாரத்துக்குப் பின்னால் முழுசாக இறங்கியது, பூநாரைகள் திரும்பாமல் போய்விட்டன, கேட் திறந்து வண்டிகள் நகர்கிற ஓசை தூரத்தில் கேட்டது. சேலையில் கொட்டிய டீ சேலையிலேயே இருந்தது.

டெல்பின் கண்ணைத் துடைக்காமலே நாலு எண்ணினாள். அந்தப் பாட்டைக் கஸ்பார் கேட்கவில்லை. ஜெசிந்தா ஒரு தாளம் விடாமல் கேட்டாள்.